தாய்லாந்தில் பிக்கப் வாங்குவது: புதுசா, பழசா? மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவருக்கு எது சரி?

ரயோங்_புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மாற்றலாகி ரயோங் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒப்பந்தம் மூன்று வருடம். நீட்டிப்பார்களா என்று இப்போது சொல்ல முடியாது. மனைவி, ஆறு வயது மகன், மூன்று வயது மகள்.

இதுவரை கம்பெனி வேனிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். மழைக்காலம் வந்ததும்தான் கஷ்டம் புரிந்தது. எங்கள் சோயில், அதாவது சந்தில், அரை மணி நேர மழைக்கே முழங்கால் தண்ணீர். மாதம் ஒருமுறை பாங்காக் போய் சிலோம் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பாஹுராட்டில் அரிசி, பருப்பு, புளி எல்லாம் வாங்கி வருகிறோம். இரண்டு குழந்தைகளோடு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேன் மாறி வேன் மாறி வருவது இனி முடியாது. அதனால் பிக்கப் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

கையில் 4 லட்சம் பாட் இருக்கிறது. இன்னும் ஒன்றரை லட்சம் கடனாகக் கிடைத்தால் சமாளிக்கலாம். புதிதாகச் சின்ன வண்டி வாங்குவதா, பழையதில் நல்ல நாலு கதவு வண்டி வாங்குவதா என்பதுதான் என் முதல் கேள்வி. வெளிநாட்டுக்காரன் பெயரில் பதிவு செய்ய முடியுமா? ஆபீஸில் ஒருவர், தாய்லாந்து நண்பர் பெயரில் வாங்கிக்கொள் என்கிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

டீசல்_அண்ணன்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேறு யார் பெயரிலும் வாங்காதீர்கள். உங்கள் பெயரிலேயே வாங்கலாம், சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. இங்கே நிலம்தான் நம் பெயரில் வாங்க முடியாது, வண்டி வாங்கலாம். பாஸ்போர்ட், விசா, அப்புறம் விலாசத்துக்கு ஒரு ஆதாரம், இவ்வளவுதான். உங்களிடம் வொர்க் பெர்மிட் இருப்பதால் அதில் இருக்கும் விலாசமே பெரும்பாலும் போதும். இல்லாதவர்கள் இமிக்ரேஷன் ஆபீஸில் வசிப்பிடச் சான்று வாங்க வேண்டும். அது கொஞ்ச நாளுக்குத்தான் செல்லும், அதனால் வண்டி பேசி முடித்த பிறகு வாங்குங்கள். மஞ்சள் வீட்டுப் புத்தகம், அதாவது வெளிநாட்டுக்காரருக்குத் தரும் விலாசப் பதிவேடு, வைத்திருப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

நான் சோன்புரியில் 12 வருடமாக இருக்கிறேன், உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இதுவரை மூன்று பிக்கப் மாற்றியிருக்கிறேன். ஒன்று புதுசு, இரண்டு பழசு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று யோசிக்கும் முன், எத்தனை கதவு என்று முடிவு செய்யுங்கள். ஒற்றை வரிசை வண்டி இருக்கிறது, இரண்டு பேர்தான் உட்காரலாம். அடுத்தது இங்கே 'கேப்' என்று சொல்லும் வகை. முன்னால் இருவர், பின்னால் ஒரு குட்டி இடம். பார்த்தால் குழந்தைகளை உட்கார வைக்கலாம் போலத் தோன்றும். ஆனால் அது சாமான் வைக்கும் இடம், ஆள் உட்கார வைக்கச் செய்ததல்ல. 2017 ஏப்ரலில் சொங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால், அங்கேயும் பின் தொட்டியிலும் ஆள் ஏற்றக் கூடாது என்று அறிவித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு வந்து, உடனே தளர்த்தினார்கள். இன்றும் ஊர்ப்பக்கம் தொட்டியில் ஆள் போவதைப் பார்க்கலாம். நாம் அப்படிச் செய்ய வேண்டாம். 2022-இல் வந்த சட்டத் திருத்தப்படி ஆறு வயதைத் தாண்டாத குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்று வயது என்கிறீர்கள். எனவே நாலு கதவு, இங்கே 'ஸீ ப்ரதூ' என்பார்கள், அதைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள்.

நாலு கதவு வண்டியைக் கார் கணக்கில் பதிவு செய்வார்கள், வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. இரண்டு கதவு வண்டி சரக்கு வண்டிக் கணக்கு, வெள்ளையில் பச்சை எழுத்து. இதில் பணமும் இருக்கிறது. பச்சை எழுத்து வண்டிக்கு ஆண்டு வரி எடையைப் பொறுத்தது, கொஞ்சம்தான் வரும். கறுப்பு எழுத்துக்கு எஞ்சின் சி.சி. கணக்கு: முதல் 600 வரை ஒவ்வொரு சி.சி.க்கும் 50 சதாங் (அரை பாட்), 1,800 வரை ஒன்றரை பாட், அதற்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 4 பாட். இசுசு 1.9 லிட்டர் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 2,500 பாட். டொயோட்டா 2.4-க்கு சுமார் 4,500. இசுசு 3.0 எடுத்தால் 6,900 பக்கம் போகும். ஆறாவது வருடத்திலிருந்து பத்து பத்து சதவீதமாகக் குறைந்து, பத்தாவது வருடத்தில் பாதியாகும். பழைய நாலு கதவு வண்டி வாங்குபவருக்கு இது ஒரு லாபம்.

ரயோங்_புதுவரவு

அண்ணா, மிகவும் நன்றி. கேப் வகையைத்தான் வாங்குவதாக இருந்தேன். விலை குறைவு, குழந்தைகள் சின்னவர்கள்தானே என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

சிலோம்_தெரு

நான் புதுசு பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் இங்கே பழைய பிக்கப் நம் ஊர் போல விலை இறங்காது. சென்னையில் ஐந்து வருட வண்டி என்றால் பாதி விலைக்குக் கீழே போகும் என்ற கணக்கு நம் மனதில் இருக்கும். இங்கே டொயோட்டா ஹைலக்ஸும் இசுசு டி-மேக்ஸும் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விவசாயி, கட்டட வேலைக்காரர், சந்தைக்காரர் எல்லோருக்கும் அதுதான் தொழில் வண்டி. உதிரிபாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். அதனால் பழசு வாங்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது நினைத்த அளவு இருக்காது. புதுசு என்றால் கம்பெனி வாரன்டி, முதல் வருடக் காப்பீட்டைப் பல ஷோரூம்களில் இலவசமாகச் சேர்த்துத் தருவார்கள், யார் ஓட்டினார்கள் என்ற கவலையும் இல்லை.

ஹைலக்ஸ் சேம்ப் 2023 நவம்பரில் வந்தபோது 459,000 பாட்டில் தொடங்கியது. ஆனால் அது இரண்டு பேர் வண்டி, உங்களுக்கு ஆகாது. நாலு கதவு புதுசு உங்கள் பட்ஜெட்டில் வராது என்பது உண்மைதான். கடன் கிடைத்தால் யோசிக்கலாம்.

டீசல்_அண்ணன்

கடன் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஷோரூமில் '4 சதவீத வட்டி' என்பார்கள். அது பிளாட் வட்டி. 4 லட்சம் ஐந்து வருடத்துக்கு எடுத்தால், வருடம் 16,000 வீதம் 80,000 வட்டி. மொத்தம் 480,000, மாதம் 8,000. அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் அல்லவா? இதில் குறையாது. உண்மையான வட்டி கிட்டத்தட்ட ஏழரை சதவீதம். பழைய வண்டிக்கு 7 சதவீதம் பிளாட் என்றால் உண்மையில் பன்னிரண்டரைக்கு மேல். 2023 ஜனவரியிலிருந்து உண்மையான வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், புது வண்டிக்கு 10 சதவீதம், பழையதுக்கு 15. எனவே 'எஃபெக்டிவ் ரேட் எவ்வளவு' என்று கேளுங்கள். அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. கடனில் வாங்கினால் வண்டியின் நீலப் புத்தகம், அதாவது பதிவுப் புத்தகம், நிதி நிறுவனத்திடம் இருக்கும். சட்டப்படி உரிமையாளர் அவர்கள்தான், நீங்கள் பயன்படுத்துபவர். உங்கள் ஒப்பந்தம் மூன்று வருடம், கடன் ஐந்து வருடம். இடையில் ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால் கடனை அடைத்து, புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றி, பிறகுதான் விற்க முடியும். கிளம்பும் மாதத்தில் வீடு காலி செய்வது, பள்ளியில் டி.சி. வாங்குவது, பி.எஃப். கணக்கு பார்ப்பது எல்லாவற்றுக்கும் நடுவில் இது வேறு. என் நண்பர்கள் இரண்டு பேர் அவசரத்தில் லட்சக்கணக்கில் விட்டுக்கொடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி கேட்டது புதுசா பழசா என்று. என்னைக் கேட்டால், எவ்வளவு காலம் இருக்கப் போகிறோம் என்பதும், புத்தகம் யார் கையில் இருக்கும் என்பதும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. மூன்று வருடக்காரருக்கு, ரொக்கத்தில் வாங்கிய பழைய வண்டி, புத்தகம் சொந்த அலமாரியில். பத்து வருடம் இருக்கப் போகிறவர் புதுசு வாங்கட்டும்.

சிலோம்_தெரு

நீங்கள் சொல்வது நியாயம். அவருடைய ஒப்பந்தக் காலத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரருக்குக் கடன் என்றால் தாய்லாந்துக்கார ஜாமீன்தாரர் கேட்பதும் அதிக முன்பணம் கேட்பதும் வழக்கம்தான். ஆனாலும், பழசு வாங்கத் தெரியாதவர் பழசு வாங்குவது ஆபத்து என்பதை நான் விடமாட்டேன். யாராவது தெரிந்தவர் கூடப் போக வேண்டும்.

சியங்மாய்_அக்கா

இதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. 2024 செப்டம்பர், அக்டோபரில் இங்கே வடக்கில் வந்த வெள்ளத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதலில் மே சாய், சியங் ராய், அப்புறம் பிங் ஆறு பெருகி சியங்மாய். எங்கள் தெருவில் வரிசையாக நின்ற வண்டிகள் ஸ்டீயரிங் உயரத்துக்கு மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு அந்த வண்டிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? கழுவி, பாலிஷ் போட்டு, வேறு மாகாணங்களுக்குத்தான். 2011 பெருவெள்ளத்துக்குப் பிறகும் இதே கதை நடந்ததாக என் கணவரின் சக ஊழியர்கள் சொல்வார்கள்.

நாங்கள் 2024 வெள்ளத்துக்கு அடுத்த வருடம் ஒரு பழைய பிக்கப் பார்க்கப் போனோம். பளபளவென்று இருந்தது. என் கணவருக்குப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டு மெக்கானிக் பெரியவர் ஒருவரை அழைத்துப் போயிருந்தோம். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே ஏறி, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு, மண் படிந்தது. பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தைத் தொட்டுக் காட்டினார், துரு. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் பின்களில் பச்சை. போதும், போகலாம் என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கழுவுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை எல்லாம் கழுவிவிடுவார்கள். பெல்ட்டின் உள்பகுதி, கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு, ஹெட்லைட்டின் உள்பக்கம், சேஸிஸ் சட்டத்தின் பொந்துகள், இங்கேயெல்லாம் கை போகாது. தம்பி, அங்கே பாருங்கள். வெயில் நாளில் கண்ணாடியை ஏற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு, கதவைத் திறந்து முதல் மூச்சை இழுங்கள். ஈர மண் வாசனை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ரயோங்_புதுவரவு

அக்கா, சீட் பெல்ட் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. குறித்துக்கொண்டேன்.

கொராட்_தோட்டம்

என் அனுபவம் வேறு மாதிரி. வண்டி நன்றாகவே இருந்தது, கெட்டது காகிதம்.

ஆறு வருடம் முன்பு ஒரு 'டென்ட்'டில் வாங்கினேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பழைய வண்டி விற்கும் இடத்தை டென்ட் என்றுதான் சொல்வார்கள். வெயிலுக்குத் துணிக்கூடாரம் போட்டு விற்க ஆரம்பித்தது, இப்போது கான்கிரீட் கட்டடமானாலும் பெயர் அதேதான். விலை பேசி, பணம் கொடுத்து, புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட மாற்றுப் படிவத்தையும் வாங்கிக்கொண்டேன். பழைய உரிமையாளர் வரவில்லை. அவருடைய அடையாள அட்டை நகல், அதிகாரப் பத்திரம் எல்லாம் கையெழுத்தோடு இருந்தன. இதற்கு 'ஓன் லோய்' என்று பெயர், மிதக்கும் மாற்றம் என்று அர்த்தம். 'நீங்களே கொன்சொங் ஆபீஸில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்' என்றார்கள். கொன்சொங் என்பது இங்குள்ள போக்குவரத்து அலுவலகம், நம் ஆர்.டி.ஓ. மாதிரி.

வேலை அதிகம், இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். கையெழுத்து பொருந்தவில்லை, அட்டை நகல் காலாவதி. உரிமையாளரை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்கள். டென்ட்டில் கேட்டால் அவர்களும் அவரைப் பார்த்ததில்லை, இன்னொரு வியாபாரியிடமிருந்து வாங்கியதாம். என் மனைவி இந்த ஊர்க்காரி என்பதால் தப்பித்தேன். அவளுடைய மாமா ஊர் ஊராகப் போய், நோங் காய் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். நல்ல மனிதர், வந்து கையெழுத்துப் போட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் அந்த வண்டி பேருக்குத்தான் எனக்குச் சொந்தமாக இருந்திருக்கும். விற்கவும் முடியாது, காப்பீட்டுப் பணம் வந்தால் வாங்கவும் முடியாது.

அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விற்பவரும் நீங்களும் ஒன்றாகக் கொன்சொங் போங்கள். அங்கே வைத்து, மாற்றம் முடிந்த பிறகு பணத்தை அனுப்புங்கள். பாதிப் பணம் முன்பே கேட்டால் சின்ன அட்வான்ஸ் மட்டும், ரசீதோடு. அலுவலகத்தில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதிலேயே பாதிப் பயம் போய்விடும். செலவும் பெரிதில்லை. முத்திரைத் தீர்வை அவர்கள் மதிப்பிடும் விலையில் லட்சத்துக்கு 500 பாட், அதோடு சில்லறைக் கட்டணங்கள்.

டீசல்_அண்ணன்

இது மிக முக்கியமான பதிவு. கூடவே புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று சேர்க்கிறேன். தாய்லாந்து மொழி தெரியாவிட்டால் அலுவலகத்தில் ஒரு தாய்லாந்து நண்பரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். எத்தனை பேர் கை மாறியிருக்கிறது, வரி எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறது, கடைசியில் அதிகாரிகள் குறிப்பு எழுதும் பக்கத்தில் என்ன இருக்கிறது. எஞ்சின் மாற்றியிருந்தால், நிறம் மாற்றியிருந்தால், தொட்டிக்கு மேல் இரும்புக் கூண்டு வைத்திருந்தால் அங்கே பதிந்திருக்க வேண்டும். வண்டியில் இருந்து புத்தகத்தில் இல்லையென்றால் பிறகு உங்கள் தலையில் விழும். மூன்று வருடம் வரி கட்டாத வண்டியின் பதிவு ரத்தாகிவிடும், அதையும் பாருங்கள். ஏழு வருடம் தாண்டிய வண்டிக்கு வரி கட்டும் முன் சோதனை நிலையத்தில், இங்கே 'தோ ரோ ஓ' என்பார்கள், சான்று வாங்க வேண்டும்.

பட்டாயா_கடற்கரை

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நான் இன்னும் இந்திய லைசென்ஸில்தான் இருக்கிறேன். அது போதுமா?

சிலோம்_தெரு

இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்து வந்திருந்தால் அது செல்லுபடியாகும் வரை ஓட்டலாம். ஆனால் வேலைக்கு வந்து இங்கேயே வசிப்பவர் தாய் லைசென்ஸ் எடுத்துவிடுவதுதான் நல்லது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். பாஸ்போர்ட், வொர்க் பெர்மிட் அல்லது வசிப்பிடச் சான்று, மருத்துவச் சான்று கொண்டு போங்கள். நிறம் பார்க்கிறோமா, பிரேக்கை எவ்வளவு சீக்கிரம் மிதிக்கிறோம், இந்த மாதிரிச் சோதனைகள் இருக்கும். முதலில் இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், அடுத்தது ஐந்து வருடம். வண்டி இங்கேயும் இடது பக்கம்தான் ஓடுகிறது, அதனால் நம் ஆட்களுக்குப் பழக நேரம் ஆகாது.

ரயோங்_புதுவரவு

இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஐந்து வண்டி பார்த்தேன், ஒன்று ஏறக்குறைய முடிவாகி இருந்தது. கிளேங் பக்கத்தில் ஒரு பழத்தோட்டக்காரர் நேரடியாக விற்கிறார். நாலு கதவு, எட்டு வருடம், கிலோமீட்டர் 90,000 மட்டும். விலை 3,60,000. முதல் உரிமையாளர், புத்தகம் கையில். பேச்சும் நேர்மையாக இருந்தது. ஆனால் பின்னால் தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தது, அதைக் கழற்ற அவர் விரும்பவில்லை. ஓட்டிப் பார்த்தபோது வெற்று வண்டியே பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. என்ன செய்யலாம்?

டீசல்_அண்ணன்

தம்பி, ரயோங், சந்தபுரி இரண்டும் துரியன் நாடு. அறுவடைக் காலத்தில் ஒரு டன் வண்டியில் இரண்டு டன்னுக்கு மேல் ஏற்றுவதைச் சாலையிலேயே பார்க்கலாம். அதற்காகப் பின் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒன்றோ இரண்டோ பட்டை போட்டிருப்பார்கள். வெற்று வண்டி தூக்கிப் போடுவது அதனால்தான். குனிந்து பாருங்கள், இரண்டு பக்கமும் பட்டைகளை எண்ணுங்கள், புதிதாக மின்னுகிற பட்டை தெரியும். லைனருக்கு அடியில் தொட்டியின் தகடு நெளிந்திருக்கும். அதைவிட முக்கியம், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. மேலேயும் கீழேயும் ஒரே அளவா என்று விரலை வைத்துப் பாருங்கள். மேலே குறுகி கீழே அகன்றிருந்தாலும், மாறி இருந்தாலும் சேஸிஸ் வளைந்திருக்கிறது.

எட்டு வருடத் தோட்ட வண்டி 90,000 கிலோமீட்டர் என்பதை நான் நம்பத் தயங்குவேன். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் தேய்மானம் இரண்டும் மீட்டரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அது உழைக்கும் மாடு. உங்களுக்கு வேண்டியது குழந்தைகளை ஏற்றிப் போகும் வண்டி.

ஒரு யோசனை. தோட்டக்காரரிடமும் இளைஞர்களிடமும் வாங்காதீர்கள். இளைஞர்கள் சிலர் வேகத்துக்காக எஞ்சினுக்குள் டீசல் போகும் அழுத்தத்தை (ரெயில் பிரஷர்) ஏற்றியிருப்பார்கள், 'தன் ராங்' என்பார்கள். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அவைதான். ஆபீஸ் போய் வந்த நடுவயதுக்காரர்களின் நாலு கதவு வண்டியைத் தேடுங்கள். உங்கள் தொழிற்பேட்டையிலேயே ஊருக்குத் திரும்பும் ஜப்பான்காரர்கள், கொரியர்கள் இருப்பார்கள். கம்பெனி நோட்டீஸ் போர்டைப் பாருங்கள்.

கொராட்_தோட்டம்

இன்னொன்று, நேரமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2024-இல் வங்கிகள் கடன் கொடுப்பதை இறுக்கியதால் பிக்கப் விற்பனை வெகுவாக விழுந்தது. தவணை கட்ட முடியாமல் பறிமுதலான வண்டிகள் ஏலத்துக்கு வந்து, டென்ட்காரர்களும் விலையைக் குறைத்தார்கள். சிலோம் நண்பர் சொன்ன 'விலை இறங்காது' என்ற நிலை இப்போது முன்பு போல் இல்லை. அவசரப்படாதீர்கள். அதே சமயம் ரொம்ப மலிவாக ஷெவ்ரொலே கொலராடோ கண்ணில் பட்டால் காரணம் தெரிந்து வாங்குங்கள். அந்தக் கம்பெனி 2020-இல் தாய்லாந்தை விட்டே போய்விட்டது. வண்டி நல்ல வண்டிதான். நீங்கள் விற்கும்போது வாங்க ஆள் தேட வேண்டும்.

சிலோம்_தெரு

இதை ஒப்புக்கொள்கிறேன். கடந்த இரண்டு வருடத்தில் விலை இறங்கியிருக்கிறது. நான் சொன்னது அதற்கு முந்தைய கணக்கு.

சியங்மாய்_அக்கா

வீட்டில் உங்கள் மனைவியும் வண்டி ஓட்டுவார் என்றால் அவரையும் கூட்டிப்போய் ஓட்டச் சொல்லுங்கள். உயரமான இரு சக்கர இயக்க வண்டிகளை இங்கே ஹை-லேண்டர், பிரீரன்னர் என்றெல்லாம் கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். தண்ணீர் நிற்கும் சோய்க்கு அந்த உயரம் போதும், நாலு சக்கர இயக்கத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம். ஆனால் புடவையோடு ஏறி இறங்க, குழந்தையைத் தூக்கி உள்ளே வைக்க அந்த உயரம் எனக்குச் சிரமமாக இருந்தது. பக்கவாட்டுப் படி இருக்கிறதா என்று பாருங்கள்.

ரயோங்_புதுவரவு

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. துரியன் தோட்ட வண்டியை விட்டுவிட்டேன். போய் எண்ணினேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதல்.

நேற்று வண்டி வாங்கிவிட்டோம். பக்கத்து ஆலையில் ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் ஒருவருடையது. இசுசு டி-மேக்ஸ் ஹை-லேண்டர், நாலு கதவு, 1.9 எஞ்சின், 2020 பதிவு, வெள்ளை. 82,000 கிலோமீட்டர், சர்வீஸ் விவரம் முழுவதும் பொருந்தியது. 4,95,000 கேட்டார், 4,70,000-க்கு முடித்தோம். கடன் எடுக்கவில்லை. குறைந்த 70,000-ஐ ஊரில் இருந்த ஆர்.டி.யை உடைத்து அனுப்பச் சொன்னேன். சீட் பெல்ட் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், சுத்தம்.

ரயோங் கொன்சொங்குக்கு இருவரும் ஒன்றாகப் போனோம். காலை எட்டரைக்குப் போய்ப் பதினொன்றரைக்கு முடிந்தது. நம்பர் சரிபார்த்து, என் பெயரைத் தாய் எழுத்தில் எழுதினார்கள். எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் அந்தம்மா. இந்தத் திரியில் யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அங்கேயே திருத்தித் தந்தார்கள். மாற்றம் முடிந்த பிறகு போனில் பணம் அனுப்பினேன். புத்தகம் இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. கட்டாயக் காப்பீடு, அந்த 'போ ரோ போ', இன்னும் நாலு மாதம் இருக்கிறது. வண்டிச் சேதத்துக்கும் பணம் தரும் முதல் வகுப்புக் காப்பீடு, விற்றவர் பெயரில் இருக்கிறது. அதை என்ன செய்வது?

டீசல்_அண்ணன்

வாழ்த்துகள் தம்பி, நல்ல விலை. போ ரோ போ வண்டியோடு போகும், முடியும் வரை விடுங்கள். உங்கள் வண்டிக்கு அது வருடம் 645 பாட்தான், வரி கட்டும்போது சேர்த்துப் புதுப்பிக்கலாம். அது ஆளுக்குத்தான், வண்டி அடிபட்டால் ஒன்றும் தராது. முதல் வகுப்பை இன்றே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். விற்றவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் அவருடைய கையெழுத்து தேவைப்படலாம்.

அப்புறம், உங்கள் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது? புத்தகத்தில் அந்த எண்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் கொன்சொங் எடுத்துப் போய் எண்ணை மாற்றிவிடுங்கள். விற்கும் நாளில் போய் நின்றுகொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

ரயோங்_புதுவரவு

அடுத்த வருடம் மார்ச்சில் முடிகிறது அண்ணா. நல்லவேளை கேட்டீர்கள். விற்றவர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், இப்போதே போன் செய்கிறேன்.

சியங்மாய்_அக்கா

நவராத்திரிக்குச் சிலோம் போகிறீர்களா? தேர் வரும் நாளில் கோயில் சாலையை அடைத்துவிடுவார்கள், வண்டியைத் தொலைவில் பி.டி.எஸ். நிலையம் பக்கமாக நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள். அரிசி மூட்டைக்குத் தார்ப்பாய் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மாதம் மழை விடாது.